முகடா, இரைச்சலா?

மீன் எண்ணெய் மாத்திரைகள் பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒமேகா-3 சாப்பிட்டால் அழற்சியைத் தணிக்கும் ‘ரிசால்வின்’ ரத்தத்தில் கூடும் என்கிறார்களே, அளந்து பார்த்ததா?  ரத்தத்தில் இவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதையாவது சொல்லிவிட வேண்டும்.

அளப்பது மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். முழு அயனியின் நிறை, உடைந்த துண்டின் நிறை, இந்த இரண்டும்தான் அதற்கு அடையாளம். உதாரணத்துக்கு, ரிசால்வினைப் போன்ற கொழுப்பு மூலக்கூறான புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்றால் 351, உடைத்தால் 271. புரோஸ்டாகிளாண்டின் டி2-க்கும் அதே எண்கள். அணுக்கள் அமைந்த இடம்தான் வேறு. ஆகவே கருவிக்குள் நுழையும் முன்பே இரண்டையும் நிறப்பகுப்பு முறையில் பிரித்தாக வேண்டும்.

அளவைக் கணக்கிடும் முறை உண்மையிலேயே அபாரமானது. மாதிரியைக் கையில் எடுத்ததுமே, நான்கு ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜனான டியூட்டீரியம் வைத்துச் செய்த அதே மூலக்கூறைத் தெரிந்த அளவில் கலந்துவிடுகிறார்கள். அதன் நிறை 355. பிரித்தெடுக்கும்போது இயற்கையானது எந்த விகிதத்தில் வீணாகிறதோ, அதே விகிதத்தில் இதுவும் வீணாகும். 10 நானோகிராம் கலந்து 6-தான் மிஞ்சியது என்றால், 3 என்று தெரியும் இயற்கை மூலக்கூறு உண்மையில் 5.

சங்கடமும் இங்கேதான். கலந்த மூலக்கூறு ‘எவ்வளவு’ என்பதைத் திருத்தித் தரும்; ‘இருக்கிறதா’ என்பதைச் சொல்லாது. கருவி வரையும் படத்தில் அதன் முகடு பளிச்சென்று எழும் நேரத்தில், இயற்கை மூலக்கூறின் தடத்தில் வெறும் இரைச்சல் சற்று மேடிட்டாலும் மென்பொருள் அதன் பரப்பைக் கணக்கிட்டு ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். அளவு சொல்ல, சமிக்ஞை இரைச்சலைப் போல் 5 மடங்காவது வேண்டும். 10 மடங்கு கேட்பவர்களும் உண்டு. ரிசால்வின் வகை ஆய்வுகளில் இத்தகைய வரம்புகள் பின்பற்றப்படாததால் இல்லாதது இருப்பதாகப் பதிவாகிறது என்று, கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் வேலரி ஓ'டானலும் உடன் ஆய்வாளர்களும் 2023-ல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் எழுதினார்கள். ஆகவே ‘கண்டறியப்பட்டது’ என்று யார் சொன்னாலும் முகட்டின் படத்தைக் கேளுங்கள். படம் தராதவர்களின் எண்ணை நான் ஏற்கமாட்டேன்.

இனி, மற்ற கேள்விகள். எதிர்ப்பொருளை வைத்துச் செய்யும் எலிசா சோதனை போதாதா? ஒத்த மூலக்கூறுகளிலும் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொள்ளக்கூடும், போதாது.

சீரத்தில் அளக்கலாமா? ரத்தம் உறையும்போதே தட்டணுக்கள் இதே வகை மூலக்கூறான திராம்பாக்சேனை உற்பத்தி செய்துவிடும். உடலில் ஓடிய அளவு அதில் தெரியாது.

மாதிரியை எங்கே வைப்பது? மைனஸ் 80 டிகிரியில்.

மாத்திரையை நிறுத்தலாமா? உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.