பழைய வண்டியின் நாடி

நம் நாட்டு வைத்தியர் நோயாளியின் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், சிலேத்துமம் என்னும் மூன்றின் நடையையும் அறிந்த பின்னரே மருந்துப் பையை அவிழ்ப்பர். நாடி பாராது மருந்தளிப்பவனை ஊரார் வைத்தியன் என்று மதியார். மோட்டார் வண்டியின் எஞ்சினுக்கும் இந்நெறி பொருந்துவதேயாம். ஆயினும், எஞ்சின் தடுமாறுகிறது என்றவுடனே புதிய உறுப்பு ஒன்றை வாங்கி மாட்டுவதும், அதனால் பயனின்றாயின் பிறிதொன்றை மாட்டுவதும் பெருவழக்காய் இருக்கின்றன. இவ்வழக்கினால் பணம் அழிவதோடு, நலமுள்ள எஞ்சின் நோயுள்ளதாகக் கருதப்பட்டுப் பிரிக்கப்படுதலும் உண்டு. அங்ஙனம் பிரிக்கப்பட இருந்த எஞ்சின் ஒன்றின் வரலாற்றைக் கொண்டு, நோய் நாடும் முறையை இங்கு விளக்கப் புகுகின்றோம்.

இக்கல்லூரியின் பழைய மாணவரும் எம் நண்பருமாகிய ஒருவர் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழ்கின்றார். அவரிடம் 1954-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட செவர்லே 3100 என்னும் பிக்கப் வண்டி ஒன்றுண்டு. முன்னே ஓட்டுவோர் அமரும் அறையும், பின்னே சரக்கேற்றும் திறந்த தொட்டியும் உடையது அது. 1947-இல் வெளிவரத் தொடங்கி 1955 வரை செய்யப்பட்ட வரிசையைச் சேர்ந்தது. அதன் எஞ்சினில் ஆறு ஸிலிண்டர்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. அவற்றின் மொத்தக் கொள்ளளவு 235.5 கன அங்குலம். அன்பர் எமக்கு எழுதியதாவது: வண்டி சாலையில் வேகமாய்ச் செல்லுங்கால் ஒருவாறு நன்கு ஓடுகின்றது; நிறுத்திய இடத்தில் மெதுவாக ஓடவிட்டாலோ, குளிர்சுரம் கண்டவனைப்போல் நடுங்குகின்றது. புதிய ஸ்பார்க் பிளக்குகள் மாட்டியாயிற்று, புதிய கார்புரேட்டரும் மாட்டியாயிற்று, நடுக்கம் நின்றபாடில்லை. பட்டறைக்காரர் ஒருவர், ஒரு ஸிலிண்டர் செத்துவிட்டது, எஞ்சினைப் பிரித்துப் புதுக்க வேண்டும் என்கிறார். அதற்காகும் செலவோ வண்டிக்குக் கொடுத்த விலையினும் மிகுதி. "விற்றுவிடலாமா?" என்பதே அவர் கேள்வி.

யாம் பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் இருந்தமையின், வண்டியைத் தொட இயலவில்லை. வினாக்களை மட்டுமே எழுப்பக்கூடும். அஃதும் ஒரு நன்மையே ஆயிற்று. கை எட்டாதபோது கருத்து முன்செல்லும் அன்றோ?

நிக்கலஸ் ஆட்டோ என்னும் ஜெர்மானியர் 1876-இல் செய்து காட்டிய நான்கு வீச்சு முறையிலேயே இவ்வகை எஞ்சின்கள் இயங்குகின்றன. பிஸ்டன் முதல் வீச்சில் காற்றையும் பெட்ரோல் ஆவியையும் உள்ளிழுக்கும். இரண்டாவதில் அக்கலவையை அமுக்கும். தீப்பொறி பட்டுக் கலவை எரிய, மூன்றாவதில் உந்தித் தள்ளப்படும். நான்காவதில் புகையை வெளியேற்றும். ஆகவே எஞ்சினின் உயிர் மூன்று பொருள்களைச் சார்ந்துள்ளது: சரியான கலவை, உரிய காலத்தில் எழும் தீப்பொறி, கசியாத அமுக்கம். இவையே எஞ்சினின் மூன்று நாடிகள். நிமிஷத்துக்கு 500 சுற்றுச் சுற்றும் ஆறு ஸிலிண்டர் எஞ்சினில், ஒவ்வொரு ஸிலிண்டரும் நிமிஷத்துக்கு 250 முறை எரியும். ஆறும் சேர 1,500 முறை, அதாவது நொடிக்கு 25 முறை. இவ்வடிகள் ஒத்த வலியும் ஒத்த இடைவெளியும் உடையனவாயின் ஓட்டம் மென்மையாகும்; அவற்றுள் சில தவறினும் தளரினும் நடுக்கம் தோன்றும்.

முதலில் யாம் வினவியது நடுக்கத்தின் இயல்பைப் பற்றியே. அது தாளம்போல் ஒழுங்காக வருகின்றதா, ஒழுங்கின்றி வருகின்றதா? ஒழுங்காயின் ஒரு குறிப்பிட்ட ஸிலிண்டரில் குறையிருக்கலாம். ஒழுங்கின்றேல் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓரிடத்தில் குறையிருக்கலாம். அடுத்து, எப்போது மிகுகின்றது? பாரம் இழுக்கும்போதும் மேடேறும்போதும் மிகுமாயின் தீப்பொறியின் வலியின்மையை முதலில் ஐயுற வேண்டும். ஏனெனில், கலவை மிக அமுக்கப்படுந்தோறும் அதனூடே பொறி பாய்வதற்கு மிக்க மின்னழுத்தம் வேண்டும். மூன்றாவதாக, புகையின் நிறம் யாது? கரும்புகை பெட்ரோல் மிகுதியையும், நீலப்புகை எண்ணெய் எரிதலையும், எஞ்சின் சூடேறிய பின்னும் நீங்காத வெண்புகை குளிர்விக்கும் நீர் உட்கசிதலையும் காட்டும். அன்பர் விடுத்த விடை: நடுக்கம் ஒழுங்கற்றது, நின்ற ஓட்டத்தில் மட்டுமே மிகுவது, புகையில் நிறமில்லை.

பட்டறைக்காரர் கூறிய செத்த ஸிலிண்டர் உண்டா என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது, மின்காப்புடைய குறட்டினால் ஒரு பிளக்கின் கம்பியைக் கழற்றி, அதன் முனையை எஞ்சினின் உலோகத்தில் தொடுமாறு வைக்க வேண்டும். அந்த ஸிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்ததாயின், அதன் உழைப்பு நின்றவுடன் எஞ்சினின் வேகம் குறையும். குறையவில்லையேல், அது முன்னரே உழையாதிருந்தது என்பது வெள்ளிடைமலை. ஒவ்வொன்றாக ஆறையும் இவ்வாறு நோக்குக. கம்பிகளை மீட்டும் மாட்டுங்கால் எரியும் வரிசை பிறழலாகாது; இவ்வெஞ்சினுக்கு அது 1, 5, 3, 6, 2, 4 என்பது. இரண்டு கம்பிகள் தம்முள் மாறினாலும் புதிய நோய் ஒன்று பிறந்துவிடும். அன்பர் சோதித்தபோது ஆறு கம்பிகளுக்கும் வேகம் குறைந்தது. எனவே, செத்த ஸிலிண்டர் என்று ஒன்றில்லை.

அடுத்து பிளக்குகளைக் கழற்றி வரிசை மாறாது ஒரு பலகையில் வைக்கச் சொன்னோம். பிளக்கின் முனை நோயாளியின் நாக்கைப் போன்றது. வெளிர் பழுப்பு நலத்தைக் காட்டும். உலர்ந்த கரி பெட்ரோல் மிகுதியையும், ஈரமான எண்ணெய்ப் பிசுக்கு எண்ணெய் ஏறுதலையும், வெளிறிய வெண்மை பெட்ரோல் குறைவையோ மிகு வெப்பத்தையோ காட்டும். இங்கே மாணவர்கள் மறவாது கொள்ளத்தக்க விதி ஒன்றுண்டு: ஆறும் ஒரே தன்மையவாயின் காரணம் பொதுவானது, ஒன்று மட்டும் வேறுபடின் காரணம் அவ்வொன்றனுக்கே உரியது. அன்பரின் பிளக்குகள் ஆறும் வெளிறியிருந்தன. ஆகவே, எல்லா ஸிலிண்டர்களுக்கும் காற்று மிகுதியாகவோ பெட்ரோல் குறைவாகவோ செல்கின்றது என்னும் ஐயம் வலுப்பெற்றது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்பது முற்றும் எரிதற்குரிய அளவு. காற்று இதனினும் மிகுந்துகொண்டே போயின், கலவை ஒருமுறை எரிந்தும் ஒருமுறை எரியாதும் தடுமாறும்.

எனினும் ஐயத்தைத் துணிவாகக் கொள்ளலாகாது. ஏனைய இரு நாடிகளையும் பார்த்தல் வேண்டும். தீப்பொறி உண்டாகும் முறை, சார்லஸ் கெட்டரிங் என்பார் அமைத்து 1910-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் வழங்கிய முறையின் வழிவந்தது. பாட்டரியின் மின்னோட்டம் காயிலின் வழியே செல்ல, டிஸ்ட்ரிப்யூட்டரில் உள்ள பாயிண்ட்டுகள் திறந்து அதனை அறுக்கும். அறுபட்ட கணத்தில் காயிலில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக்கிற் பாயும். பாயிண்ட்டுகள் கருகியிருப்பினும், கண்டென்ஸர் கெட்டிருப்பினும், டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியில் மயிரிழை போன்ற வெடிப்பு இருப்பினும் பொறி தவறும். இருளில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், பழுதுற்ற கம்பிகளிலிருந்து நீலப்பொறி கசிவதைக் கண்ணாற் காணலாம்.

இவ்வண்டியின் மின்சாரம் 6 வோல்ட் ஆதலின், மற்றொன்றும் கருதத்தக்கது. துருப்பிடித்த ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 36 வாட் ஆற்றலை 12 வோல்ட்டில் செலுத்த 3 ஆம்பியர் வேண்டும். இணைப்பில் இழப்பது 0.3 வோல்ட், அதாவது நூற்றுக்கு 2.5 பங்கு. அதே ஆற்றலை 6 வோல்ட்டில் செலுத்த 6 ஆம்பியர் வேண்டும்; இழப்பது 0.6 வோல்ட், அதாவது நூற்றுக்குப் 10 பங்கு. அழுத்தம் பாதியாக, இழப்பின் விகிதம் நான்கு மடங்காகின்றது. பழைய வண்டிகளில் இணைப்புகளைத் தேய்த்துத் துலக்குதலே பாதி மருந்து என்று அனுபவமுள்ளோர் கூறுவதன் காரணம் இதுவே. அன்பர் இணைப்புகளைத் துலக்கினார். பாயிண்ட்டுகளின் இடைவெளியைச் சரி பார்த்தார். விசைச்சக்கரத்தில் பதிக்கப்பெற்ற சிறிய எஃகுக் குண்டைக் கொண்டு தீப்பொறியின் காலத்தையும் ஒத்து நோக்கினார். யாவும் செவ்வையாய் இருந்தன, நடுக்கமோ குறையவில்லை.

பின்னர் அமுக்கம். எஞ்சினைச் சூடேற்றி நிறுத்தி, பிளக்குகள் அனைத்தையும் கழற்றி, பொறி எழாதவாறு காயிலின் இணைப்பையும் நீக்கி, காற்றுவாயை முற்றத் திறந்து, பிளக்கின் துளையில் அளவுக்கருவியை வைத்து எஞ்சினைச் சுழற்ற வேண்டும். மிகக் குறைந்த அளவு மிக உயர்ந்த அளவில் முக்காற் பங்குக்குக் கீழ்ப்படுதலாகாது என்பது பொதுவிதி. ஒரு ஸிலிண்டரில் அமுக்கம் குறைந்திருப்பின், சிறிது எண்ணெயை அதனுள் விட்டு மீட்டும் அளக்க. அளவு உயருமாயின் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன என்றும், உயராதாயின் வால்வு கசிகின்றது என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். அடுத்தடுத்த இரண்டு மட்டும் குறைந்திருப்பின், அவற்றின் நடுவே தலைமூடியின் காஸ்கெட் எரிந்திருக்கக்கூடும். அன்பரின் எஞ்சினில் உயர்ந்த அளவு சதுர அங்குலத்துக்கு 130 பவுண்டு, குறைந்தது 121. இத்துணை நலமுள்ள எஞ்சினையே பிரித்துப் புதுக்கச் சொன்னார்கள்!

எஞ்சியது கலவை ஒன்றே. கார்புரேட்டரோ புதியது. ஆயின், கார்புரேட்டர் தன் வழியாகச் செல்லும் காற்றுக்கே பெட்ரோலை அளந்து கொடுக்கும். அதற்குத் தெரியாமல் வேறு வழியாக நுழையும் காற்றுக்கு அஃது என் செய்யும்? இங்கே வெற்றிட அளவுக்கருவி துணைபுரிந்தது. கடல்மட்டத்தை அடுத்த இடங்களில் நலமுள்ள எஞ்சின் நின்ற ஓட்டத்தில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்டி, முள் அசையாது நிற்கும். 1,000 அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். அன்பரின் கருவி 14-ஐக் காட்டி ஊசலாடியது. தீப்பொறியின் காலம் பிந்தினும் முள் தாழும். அக்காலம் சரியென முன்னரே அறிந்தமையால், காற்றுக் கசிவே என்று துணிந்தோம்.

இதுவே முதல் வினாவின் விடையையும் விளக்கியது. நின்ற ஓட்டத்தில் காற்றுவாய் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே வெற்றிடம் வலியதாய் இருக்கும். எஞ்சின் உண்ணும் காற்றோ சிறிது. அப்போது சிறு துளையின் வழியே திருட்டுத்தனமாய் நுழையும் காற்றும் பெரும்பங்காகிவிடும். வேகமாய் ஓடுங்கால் வெற்றிடம் தளரும். உண்ணும் காற்று பெருகும். திருடிய பங்கு சிறிதாகி மறையும்.

துளை எங்கே? மானிபோல்டு இணைப்புகளில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் விட்டுப் பார்த்தார், ஓட்டத்தில் மாற்றமில்லை. இனி, மானிபோல்டிலிருந்து புறப்படும் குழாய்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பிடிக்க எழுதினோம். அவ்வண்டியில் மழைநீர் துடைக்கும் வைப்பர் மின்சாரத்தால் அன்று, எஞ்சினின் வெற்றிடத்தால் இயங்குவது. அதற்குச் செல்லும் ரப்பர்க் குழாயை நசுக்கிய அக்கணமே நடுக்கம் நின்று, எஞ்சினின் வேகமும் உயர்ந்தது. அடிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாதபடி அக்குழாய் வெடித்திருந்தது. ஒரு முழக் குழாயை மாற்றி, ஓட்டத் திருகைத் திருத்தியமைத்தபின், வெற்றிட முள் 19-இல் அசையாது நின்றது.

இச்சோதனைகளை மேற்கொள்வார் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் நலம். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிடலாகாது. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்றது. அறியுமுன்னே உயிரைக் கொள்ளும். சுழலும் விசிறிக்கருகே தளர்ந்த உடையோடு குனியலாகாது. எரிதல் தவறும் நோயை நெடுநாள் பொறுத்தலும் தவறு. எரியாத பெட்ரோல் ஸிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவி, நல்ல எஞ்சினையும் தேய்த்துவிடும். இக்காலத்துப் பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய வகை ரப்பர் உறுப்புகளைக் கெடுக்கக்கூடியது. அவற்றை அடிக்கடி நோக்குக. கம்பி கழற்றும் சோதனை பழைய வண்டிகளுக்கே உரியது. புகையைத் தூய்மை செய்யும் கருவி பொருத்திய வண்டிகளில் எரியாத பெட்ரோல் அக்கருவியைப் பாழாக்கும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்களும் சிறு லாரிகளும் தம் குறைகளைத் தாமே குறித்துவைக்கும் கருவி உடையன. ஆயின், அக்கருவியும் காற்று மிகுந்தது என்று கூறுமேயன்றி, துளை எங்குளது என்று கூறாது. அதனை நாடுவது மனிதன் தொழிலாகவே இன்றும் இருக்கின்றது.

அன்பர் வண்டியை விற்கவில்லை. பட்டறைக்காரரிடம் வன்மமும் கொள்ளவில்லை, "அவர் அறியாமையால் தவறவில்லை, அளவாமையால் தவறினார், அதே தவற்றை அவருக்கு முன்னரே இருமுறை நான் செய்திருந்தேன்" என்று எழுதினார். மாணவ நண்பர்களே, நோய் எஞ்சினில் இருப்பினும், கணக்கில் இருப்பினும், நம் வாழ்க்கையிலேயே இருப்பினும், மாற்றுவதற்கு முன் அளப்போமாக. பிரிப்பதற்கு முன் வினவுவோமாக.