சுவிட்சைப் போடும் முன் சாக்கெட்டைப் பாருங்கள்

பிராசஸரைக் கழற்றி மாட்டிய பிறகு கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, டிஸ்ப்ளே மட்டும் வரவில்லை. உடனே ரேமை மாற்றிப் போட்டு ஆன் செய்கிறோம், பவர் சப்ளையை மாற்றி ஆன் செய்கிறோம், கடைசியில் வேறொரு நல்ல பிராசஸரைப் பொருத்தி ஆன் செய்கிறோம். மற்ற பழுதுகளுக்கு இப்படி மாற்றிப் பார்ப்பது நல்ல வழிதான். ஆனால் பிராசஸர் அமரும் சாக்கெட் அடிபட்டிருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும் மதர்போர்டில் அது ஆபத்தானது. அங்கே முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். மின்சாரம் கொடுப்பது அதற்குப் பிறகுதான்.

காரணம் சாக்கெட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. 2004-ல் எல்ஜிஏ 775 சாக்கெட் வந்தபோது, பிராசஸரின் அடியில் இருந்த பின்களை இன்டெல் மதர்போர்டுக்கு மாற்றியது. ஏஎம்டி தன் சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர்களில் 2022-ல் ஏஎம்5 சாக்கெட் வழியாக இதைச் செய்தது. எல்ஜிஏ 1700 என்றால் 1,700 தொடர்புகள். எல்லாம் மிக மெல்லிய, வளைந்த ஸ்பிரிங் கம்பிகள். பிராசஸரின் மூலை இடித்தாலும், துடைக்கும் துணியின் நூல் சிக்கினாலும் சாய்ந்துவிடும். இவற்றில் பெரும் பங்கு மின்சாரத்துக்கும் கிரவுண்டுக்கும் உரியது. மற்றவற்றில் பல, ரேமுக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் நேராகப் போகும் தடங்கள். ரேமை இயக்கும் பகுதி ஏஎம்டியில் 2003 முதலும் இன்டெல்லில் 2008 முதலும் பிராசஸருக்குள்ளேயே வந்துவிட்டது. அதனால்தான் சாக்கெட்டில் ஒரு பின் தொடர்பு விட்டால், அது ரேம் பழுது போலவே தெரிகிறது. ஒரு பக்கத்து ரேம் ஸ்லாட்டுகள் மட்டும் வேலை செய்யாமல், இன்னொரு பக்கத்தில் போட்டால் கம்ப்யூட்டர் எழுந்தால், புது ரேம் வாங்குவது வீண் செலவாக முடியலாம்.

ஆபத்து மின்சாரப் பின்களில் இருக்கிறது. 65 வாட் பிராசஸர் சுமார் 1.2 வோல்ட்டில் இயங்கும்போது 50 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஒரு வீட்டு ஏசி எடுப்பதைவிடப் பல மடங்கு அதிகம். நூற்றுக்கணக்கான பின்கள் அந்தச் சுமையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றில் ஒன்று சாய்ந்து கிரவுண்டைத் தொட்டால் ஷார்ட் ஆகும். பெரும்பாலும் போர்டின் பாதுகாப்பு அமைப்பு உடனே நிறுத்திவிடும். தகவல் போகும் பின்னைத் தொட்டாலோ, போகக் கூடாத இடத்துக்கு மின்சாரம் போய் பிராசஸரே பழுதாகலாம். சோதிப்பதற்காக நல்ல பிராசஸரை அதில் வைப்பது, இரண்டாவது பொருளையும் பணயம் வைப்பதாகும்.

ரேமும் பவர் சப்ளையும்தானே அடிக்கடி பழுதாகின்றன, அங்கிருந்து தொடங்கினால் என்ன என்று கேட்கலாம். யாரும் திறக்காத கம்ப்யூட்டர் திடீரென்று நின்றால் அது சரி. நேற்று வரை ஓடியது, பிராசஸரைத் தொட்ட பிறகு நின்றது என்றால், அந்த வரிசையே மிகப் பெரிய சாட்சி. பார்ப்பதற்கும் செலவில்லை. மின் இணைப்பை எடுத்துவிட்டு, டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்து நான்கு பக்கமிருந்தும் பாருங்கள். ஒழுங்கான பின்கள் வரிசையாக ஒரே மாதிரி மின்னும். சாய்ந்தது வரிசையைக் கெடுக்கும். செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கினால் இன்னும் தெளிவாகும். பிராசஸரின் அடியையும் பாருங்கள்: பின் தொட்ட இடத்தில் சின்னப் புள்ளித் தடம் இருக்கும். தடமே இல்லாத தங்கப் பரப்பு, குறுக்கே ஓடும் கீறல், கருகிய புள்ளி ஆகியவை பழுதான இடத்தையே காட்டிக்கொடுக்கும். ஏஎம்4 போன்ற பழைய ஏஎம்டி வகைகளில் பின்கள் பிராசஸரிலேயே இருப்பதால், தேட வேண்டியது அங்கே.

வளைந்த பின்னை நிமிர்த்துவது நடக்காத காரியம், போர்டை மாற்றுவதே மேல் என்பவர்கள் உண்டு. அதே போர்டு எளிதாகக் கிடைத்தால் அவர்கள் சொல்வதை ஏற்கலாம். ஆனால் 2011-ல் வந்த எல்ஜிஏ 1155 போன்ற பழைய சாக்கெட்டுக்குப் புதுப் போர்டு தேடினால் பெரும்பாலும் பழைய சரக்குதான் கிடைக்கும். அது கிடைக்காவிட்டால் நன்றாக இருக்கும் பிராசஸரும் டிடிஆர்3 ரேமும் சேர்ந்தே பயனற்றுப் போகும். லேசாகச் சாய்ந்த பின்னை, பூதக்கண்ணாடியின் கீழ் மெல்லிய ஊசியால் ஒரே தடவையில் மெதுவாக நிமிர்த்த முடியும். திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். ஒடிந்தது பல கிரவுண்ட் பின்களில் ஒன்றாக இருந்தால் போர்டு ஓடவும் கூடும். ஆனால் எது கிரவுண்ட் என்று ஊகிக்கக் கூடாது. பல தலைமுறை பிராசஸர்களுக்கு இன்டெல்லே வெளியிட்ட தொடர்புப் பட்டியலில் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டிஸ்ப்ளே வந்துவிட்டது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. எல்லா ரேம் ஸ்லாட்டும் பயாஸில் முழு அளவைக் காட்டுகிறதா, கிராஃபிக்ஸ் கார்டு முழுத் தடங்களில் ஓடுகிறதா என்று பார்த்து, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐச் சில மணி நேரம் ஓட விடுங்கள். அரைகுறைத் தொடர்பு சூடேறிய பிறகுதான் பல்லிளிக்கும். சர்வீஸுக்குக் கொடுப்பதானால், கொடுக்கும் முன் கடைக்காரர் எதிரிலேயே சாக்கெட்டைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த பின்னை மதர்போர்டு நிறுவனங்கள் பொதுவாக வாரண்டியில் ஏற்பதில்லை என்பதால், யார் கையில் வளைந்தது என்ற கேள்வி பின்னால் கட்டாயம் எழும்.