பரிசலுக்குத் தார் பூசும் நாள்

காவிரிக் கரையில் ஒரு பரிசல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய ஆமை படுத்திருப்பது போலத் தெரியும். பக்கத்தில் மூன்று கல் வைத்துக் கூட்டிய அடுப்பு. அதன் மேல் ஒரு பழைய தகர டின். டின்னுக்குள் தார் கொதிக்கிறது.

அன்று பரிசல் ஆற்றில் இறங்காது. அன்றைய பிழைப்பும் இல்லை. அப்படி இருந்தும் பரிசல்காரர் இந்த வேலையைத் தள்ளிப் போட மாட்டார்.

இரண்டு அம்மாபேட்டை

அம்மாபேட்டை என்றால் சேலம் நகரத்து அம்மாபேட்டைதான் பலருக்கு நினைவு வரும். அது நெசவாளர்கள் நிறைந்த பகுதி.

இது வேறு அம்மாபேட்டை. மேட்டூருக்குக் கீழே, பவானிக்கு மேலே, காவிரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. ஊர் ஈரோடு மாவட்டம். ஆற்றைத் தாண்டினால் சேலம் மாவட்டம்.

அக்கரையில் இருக்கும் ஊர் கண்ணுக்கு எதிரே தெரியும். ஆனால் தரை வழியாகப் போவதென்றால் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். அதனால் இந்தப் பக்கத்து மக்களுக்கு ஆறும் ஒரு பாதைதான். பக்கத்தில் உள்ள நெரிஞ்சிப்பேட்டைக்கும் எதிர்க்கரையில் உள்ள பூலாம்பட்டிக்கும் இடையே இப்போது விசைப்படகு ஓடுகிறது. மேட்டூர் அணையில் மீன் பிடிப்பவர்கள் இன்றும் பரிசலைத்தான் நம்பி இருக்கிறார்கள். ஒகேனக்கல்லில் சுற்றுலா வருகிறவர்கள் ஏறுவதும் பரிசலில்தான்.

ஆணி இல்லாத படகு

பரிசலில் ஆணி கிடையாது. பலகையும் கிடையாது. மூங்கிலைப் பிளந்து, கூடை பின்னுவது போலப் பின்னுகிறார்கள். அடிப்பாகம் தட்டை. விளிம்பு மட்டும் தடிப்பு. முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. அதனால்தான் பழகாதவன் துடுப்புப் போட்டால் பரிசல் பம்பரம் போலச் சுற்றும், முன்னே போகாது!

முன்பு இந்தக் கூடையின் மேல் எருமைத் தோலைப் போர்த்துவார்கள். இப்போது தோல் போய்விட்டது. பிளாஸ்டிக் சாக்கை விரித்துக் கட்டி, அதன் மேல் தார் பூசுகிறார்கள். கண்ணாடி நார்ப் பரிசலும் சில இடங்களில் வந்திருக்கிறது.

தோல் பரிசலை ஈரத்தோடு போட்டு வைத்தால் தோல் அழுகிவிடும். அதனால் ஒவ்வொரு நாளும் கரையேற்றிக் கவிழ்த்துக் காய வைத்தார்கள். தோல் போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. காரணம், உள்ளே இருக்கும் மூங்கில். ஈரம் தங்கினால் அது இற்றுப் போகும். ஈரம் இல்லாவிட்டாலும் வண்டு துளைத்து உளுக்க வைக்கும்.

சின்னப் பொத்தல்

பரிசலுக்குப் பெரிய எதிரி ஆற்றுத் தண்ணீர் அல்ல, கரையில் கிடக்கும் கல்தான். பரிசலைத் தரையில் இழுத்தால் தார் உரியும். சாக்கு கிழியும். ஆகவே தெரிந்தவர்கள் இழுக்க மாட்டார்கள். தலைக்கு மேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். வெயிலுக்குக் குடையும் ஆயிற்று!

பொத்தல் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பரிசலைத் தூக்கிப் பிடித்து, உள்ளே இருந்து வெயிலைப் பார்க்க வேண்டும். ஊசி முனை அளவு வெளிச்சம் தெரிந்தால் போதும், அந்த இடத்தில் ஒட்டுப் போட்டாக வேண்டும்.

தார் பூசுவதிலும் பக்குவம் உண்டு. பரிசல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் தார் பிடிக்காது, பொருக்குப் பொருக்காக உரியும். கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் கெட்டது. பிளாஸ்டிக் சாக்கு சுருங்கி உருகிவிடும். கொஞ்சம் ஆற விட்டு, கெட்டியாகும் முன்னே கந்தல் துணியால் தேய்த்துவிட வேண்டும். கை சுடும். பூசியவர் நகக்கண்ணில் கறை பல நாள் இருக்கும்.

ஐந்நூறு ஆண்டுக்கு முன்னே

1520-ம் ஆண்டை ஒட்டி விஜயநகரத்துக்கு வந்தவர் தொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுக்கீசியர். துங்கபத்திரையில் கூடை போல வட்டமான, தோல் போர்த்திய படகில் மக்கள் போவதை அவர் எழுதி வைத்திருக்கிறார். குதிரையும் மாடும் கூட அதில் ஆற்றைக் கடந்தனவாம். கன்னடத்தில் இதற்கு ஹரிகோலு என்று பெயர்.

ஈராக் நாட்டு டைக்ரிஸ் ஆற்றிலும் இதே போன்ற வட்டப் படகு இருந்தது. அதன் பெயர் குஃபா. அதற்கும் வெளியே பூசியது நிலக்கீல்தான். நம் பரிசல்காரர் டின்னில் காய்ச்சும் தாருக்கு நெருங்கிய உறவு!

தேக்குக்கும் ஓய்வு இல்லை

மூங்கில்தானே, அதனால்தான் இவ்வளவு பாடு என்று நினைக்கலாம். தேக்கு மரத்தில் கட்டினால்?

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருக்கிறது. சீக்கிரம் உளுக்காது. 1817-ல் பம்பாயில் தேக்கில் கட்டிய ‘டிரிங்கமாலி’ என்ற போர்க் கப்பல் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்றும் மிதக்கிறது. 200 ஆண்டு தாண்டிவிட்டது.

ஆனால் அது தானாக மிதக்கவில்லை. அதைப் பழுது பார்த்துச் சீராக்கும் வேலை 1990-ல் தொடங்கி 2001-ல்தான் முடிந்தது. தேக்குப் பலகையும் வெயிலிலும் மழையிலும் கிடந்தால் பொன்னிறம் போய்ச் சாம்பல் நிறமாகும். பழைய நிறம் வேண்டும் என்றால் கழுவி, தேய்த்து, எண்ணெய் போட வேண்டும். இந்த வேலைக்கு முடிவே இல்லை.

தேக்குக் கப்பலுக்குப் பத்து ஆண்டுக்கு மேல் பழுது பார்க்க முடிந்தது. பரிசலுக்கு அந்த வசதி ஏது? ஓரிரு நாள் கரையில் கிடந்தாலே வீட்டில் அடுப்பு யோசிக்கும்.

தண்ணீர் வரும் முன்னே

மேட்டூர் அணை 1934-ம் ஆண்டு ஆகஸ்டு 21-ந் தேதி திறக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. தண்ணீர் இருந்தால் பாசனத்துக்கு ஜூன் 12-ந் தேதி திறந்து விடுவது வழக்கம். அதற்குள் பழுது பார்த்துவிட வேண்டும். வெள்ளம் அதிகமானால் பரிசல் ஓட்டவே தடை போடுவார்கள். அப்போது யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது.

பரிசலில் ஏறுகிறவர்கள் உயிர்காக்கும் சட்டையை அவிழ்க்கக் கூடாது. நடு ஆற்றில் எழுந்து நிற்கவும் கூடாது. அடியில் ஈரம் கண்டால் உடனே சொல்ல வேண்டும். ஆடாமல் உட்கார்ந்தபடியே சொல்ல வேண்டும்.

தார் இறுகிவிட்டது. பரிசல் மறுபடி தண்ணீருக்குப் போகிறது. முதலில் யாரையும் ஏற்றுவது இல்லை. பரிசல்காரர் தனியாக ஏறுகிறார். கரையோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றுகிறார். துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் குனிந்து, மூங்கில் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பார்க்கிறார்.

விரல் காய்ந்தபடியே இருக்கிறது. கரையில் நிற்பவர்களைப் பார்த்துக் கையைக் காட்டுகிறார்.