யாரும் அழுத்தாமலே அடிக்கும் காலிங்பெல்!

"நீதான் இன்ஜினீயரிங் படிக்கிறியே, இதுல என்ன போட்ருக்குன்னு சொல்லுடா" என்று அத்தையோட பயாப்ஸி ரிப்போர்ட்டை நீட்டினார் மாமா. 'ஹெர்-2 பாசிட்டிவ், 3+'. பாசிட்டிவ்னா நல்லதுதானேன்னு அவர் முகத்துல ஒரு நிம்மதி வேற. நான் படிக்கிறது இ.சி.இ. திருதிருன்னு முழிச்சுட்டு, அறந்தாங்கியில பஸ் ஏறி புதுக்கோட்டை வந்து, பயாலஜி படிக்கிற ஃப்ரெண்டோட ஹாஸ்டல் வாசல்ல போய் நின்னேன்.

அவன் சொன்னது இதுதான். நம்ம செல்கள் ஒண்ணோடொண்ணு பேசிக்கிறது கெமிக்கல் மூலமா. 'வளரு'ன்னு சொல்ற இ.ஜி.எஃப் அப்படி ஒரு கெமிக்கல் (கண்டுபிடிச்ச ஸ்டான்லி கோஹனுக்கு 1986-ல் நோபல்). சேதி சொல்ல அது செல்லுக்குள்ள போக வேண்டியதே இல்லை. வாசல்ல நின்னு காலிங்பெல் அழுத்தினா போதும். செல்லோட சவ்வுல பாதி வெளியே, பாதி உள்ளேன்னு நிற்கிற ஏற்பிதான் அந்த பெல்.

அழுத்தினதும் ரெண்டு ஏற்பிகள் ஜோடி சேரும். உள்பக்க வால்ல ஒண்ணுக்கொண்ணு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். அதைப் பிடிச்சுக்கிட்டு வேறு புரதங்கள் வந்து சேர்ந்து 'ராஸ்' என்ற புரதத்தை ஆன் பண்ணும். ராஸ் ராஃபை எழுப்ப, ராஃப் மெக்கை எழுப்ப, மெக் இ.ஆர்.கே-வை எழுப்ப, இந்தக் கடைசி ஆள் நேரா நியூக்ளியஸுக்குள்ள நுழைஞ்சு ஜீன்களை முடுக்கிவிடும். செல் ரெண்டாப் பிரியத் தயாராகிடும். எங்க பாஷையில மல்டி ஸ்டேஜ் ஆம்ப்ளிஃபயர். (எங்க லேப்ல அது ஒருநாளும் ஒழுங்கா அவுட்புட் தந்ததில்லை என்பது தனிக்கதை.) வேலை முடிஞ்சதும் ஆஃப் பண்ணவும் ஆட்கள் உண்டு.

ஹெர்-2 இதே குடும்பத்து ஏற்பி. மார்பகப் புற்றுநோய் வந்தவர்களில் நூற்றுக்கு 15 முதல் 20 பேருக்கு இதோட ஜீன் பல பிரதிகளாப் பெருகிடுது. வாசல் பூரா பெல். ஒண்ணோடொண்ணு உரசி, யாருமே வராமலே அடிக்குது. நியூக்ளியஸ் பாவம், நிஜம்னு நம்பி 'பிரி, பிரி'ன்னு ஆர்டர் போடுது. 3+ என்பது இதுதான்.

மாமா எலெக்ட்ரீஷியன். கேட்டதும், "அப்ப மெயினை ஆஃப் பண்ணிட வேண்டியதுதானே?" என்றார். கீமோதெரபி கிட்டத்தட்ட அப்படித்தான், வீடே இருட்டாகும். 1998-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்ச ட்ராஸ்டுசுமாப் ஹெர்-2 மேல மட்டும் போய் உட்காரும். இந்தியத் தயாரிப்புக்கு 2013-ல் அனுமதி கிடைச்சு விலை இறங்கியது. ஆனாலும் கீமோவும் கூடவே வேணும்னு டாக்டர் சொல்லிட்டார். பணத்துக்கு மாமா அலைஞ்சது எனக்குத் தெரியும்.

ஃப்ரெண்ட் இன்னொண்ணும் சொன்னான். 1886-ல் நம்ம புதுக்கோட்டையில பிறந்து, பையன்கள் மட்டுமே படிச்ச மன்னர் கல்லூரியில முதல் மாணவியாச் சேர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர்தான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். தினமும் அந்த கல்லூரி வழியாப் போற எனக்கு அதுவரை இது தெரியாது!

போன வாரம் அத்தைக்கு ஆறாவது ஊசி. முடி கொட்டிடுச்சு, ஆனா பேச்சு குறையலை. எலெக்ட்ரீஷியன் வீட்டு காலிங்பெல் மட்டும் இன்னும் ரிப்பேர்தான். கதவைத்தான் தட்டணும்.