பரணில் கிடக்கும் பழைய லென்ஸ்

மறைந்த பெரியவரின் உடைமைகளைப் பாகம் பிரிக்கையில் நிலத்தையும் நகையையும் கவனமாக மதிப்பிடுகிறோம். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய காமிராவை மட்டும் பிள்ளைகளின் விளையாட்டுக்கோ பழைய சாமான் வியாபாரிக்கோ கொடுத்துவிடுகிறோம். அதுவும் வாரிசுகள் அனைவருக்கும் உரிய பொருளன்றோ? சேலம், நாமக்கல் வட்டாரத்து வீட்டுப் பரண்களிலும் மூடிக்கிடக்கும் ஸ்டூடியோக்களிலும் சோவியத் நாட்டு லென்ஸ் ஒன்று அகப்படுமாயின், அதை அடையாளம் காண்பது எவ்வாறு?

முதலில் எழுத்தைப் பாருங்கள். நம் மூதாட்டியர் ஓதிய அரபுத்தமிழ் நூல்களில் எழுத்து அரபு, மொழியோ தமிழ். கண்ட எழுத்தை வைத்து மொழியை முடிவு செய்தல் கூடாது. லென்ஸிலும் அப்படியே. 'சி சி சி பி' என ஆங்கிலம்போல் தோன்றும் நான்கு எழுத்துக்கள் உண்மையில் ரஷ்ய எழுத்துக்கள். அவற்றை 'எஸ் எஸ் எஸ் ஆர்' என வாசிக்க வேண்டும். அது சோவியத் நாட்டின் பெயர்ச்சுருக்கம். கதவு நிலைபோன்ற சிவப்பு எழுத்து இருந்தால், கண்ணாடியில் ஒளி எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சு உண்டென்று பொருள். ஏற்றுமதிக்கெனச் செய்தவற்றில் ஆங்கில எழுத்துக்களே இருப்பதும் உண்டு.

அடுத்தது எண். வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைக் காட்டும். 78 எனத் தொடங்கினால் 1978. பட்டகத்தின் ஊடே ஒளிக்கதிர் செல்லும் முத்திரை இருப்பின், அது மாஸ்கோவை அடுத்த க்ராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்யப்பட்டது. ஸெனித் காமிராக்களுடன் வந்த 58 மில்லிமீட்டர் 'ஹீலியோஸ் 44' லென்ஸ், ஜெர்மனியின் ஸெய்ஸ் நிறுவனத்து பயோட்டார் வடிவமைப்பைத் தழுவியது.

பலரைக் குழப்புவது மரைதான். 39 மில்லிமீட்டர் மரையுள்ள லென்ஸ்கள் இரு வகைப்படும். பெட், ஸோர்க்கி காமிராக்களில் லென்ஸ் அமரும் விளிம்புக்கும் பிலிமுக்கும் இடைவெளி 28.8 மில்லிமீட்டர்; பழைய ஸெனித்தில் 45.2. 'ஜூபிட்டர் 9' என்ற 85 மில்லிமீட்டர் லென்ஸ் இரு வகைக்கும் செய்யப்பட்டது. மாற்றிப் பொருத்தினாலும் மரை ஏறிவிடும். தொலைவிலுள்ள காட்சி மட்டும் தெளியாது. லென்ஸ் பழுதென்று எண்ணி அதை எறிந்துவிடாதீர்கள். பொருத்தமான இணைப்பு வளையம் கிடைத்தால், கண்ணாடியில்லா டிஜிட்டல் காமிராக்களில் இவற்றை இன்றும் பயன்படுத்தலாம். இவற்றைத் தேடி வாங்குவோர் உண்டு.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பெட் காமிரா, லைக்காவின் நகலாக 1934-இல் கார்க்கோவில் உருவானது. பிற்காலத்தில் சிலர் பெட், ஸோர்க்கி காமிராக்கள் மீது 'லைக்கா' என்று பொறித்தும், பொன்னிறம் பூசியும் விற்றனர். ஆகவே பெயரை மட்டும் நம்பிப் பெரும் விலை கொடுக்க வேண்டாம். அவ்வாறு விற்கவும் வேண்டாம்.

விற்குமுன் டார்ச் விளக்கொளியில் கண்ணாடியின் உட்புறத்தைப் பாருங்கள். சிலந்தி வலைபோன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். அதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். குறையை மறைக்காத வணிகமும் எவர் பங்கும் குறையாத பாகப்பிரிவினையும் ஒரு குடும்பத்தின் நற்பெயரைக் காக்கும்.