மூன்று ஓசை, 28 கச்சேரி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் ரோலிங் மில்லில் பெரிய மோட்டாரை ஸ்டார்ட் செய்தால், பேனல் ரூமில் தொங்கும் குண்டு பல்பு ஒரு கணம் மங்கிவிட்டுத் தெளியும். லோடு ஏறினால் வோல்டேஜ் இறங்கும், எலக்ட்ரீஷியனுக்கு இது அரிச்சுவடி. பழைய வால்வு ஆம்ப்பின் இனிமை என்று கிடார் வாசிப்பவர்கள் உருகுவதில் பெரும்பங்கு இந்த மங்கல்தான் என்று புரிந்த நாளில்தான், மாடலர் வாங்க நான் கணக்கு நோட்டைத் திறந்தேன்.

ஏசி கரண்ட்டை டிசியாக மாற்ற அந்த ஆம்ப்களில் ஜிஇசட் 34 என்ற வால்வு இருக்கும். கம்பியை ஓங்கி அடித்ததும் அது கொடுக்கும் வோல்டேஜ் சரியும். ஓசை சற்று அமுங்கி, பிறகு மூச்சு வாங்கியதுபோல் எழும்பி வரும். மெதுவாகத் தொட்டால் இது நடக்காது. விரலின் அழுத்தத்துக்கு ஆம்ப் பதில் சொல்கிறது, அவ்வளவுதான் ரகசியம். மாடலர் என்பது இந்தப் பதிலைக் கணக்குப் போட்டுச் சொல்லும் சின்னக் கம்ப்யூட்டர்.

பெட்டியின் அட்டையில் '300-க்கு மேல் ஆம்ப், எஃபெக்ட்' என்று போட்டிருக்கும். அந்த எண்ணை நான் முதலிலேயே அடித்துவிட்டேன். பழைய ஓசைக்கு வேர் மூன்றுதான். ஒன்று, 1958 வாக்கில் வந்த ஃபெண்டர் பாஸ்மேன். 4 பத்து அங்குல ஸ்பீக்கர்கள். 1962-இல் லண்டன் ஹான்வெல்லில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலின் ஆட்கள் அதே சர்க்யூட்டை வைத்துத்தான் ஜேடிஎம் 45 செய்தார்கள். ஆகவே இவை இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். இரண்டாவது, 1963-இன் கருப்பு முகப்பு ஃபெண்டர்கள்: 22 வாட் டீலக்ஸ் ரிவர்ப், 85 வாட் ட்வின் ரிவர்ப். மூன்றாவது, இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் பிறந்த வாக்ஸ் ஏசி 30. 4 ஈஎல் 84 வால்வுகளும் 2 பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர்களும் கொண்டது.

இதில் ட்வின் ரிவர்ப் மட்டும் தனி ஜாதி. அதில் ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் வால்வு கிடையாது, டயோடுதான். அதனால் மங்காது, கடைசி வரை பளிச்சென்று நிற்கும். எங்கள் மெல்லிசைக் குழுவில் மேடைக்கு மேடை கேட்கப்படும் 'இளைய நிலா' (1982) மாதிரிப் பாட்டுக்கு அந்தத் தெளிவு நன்றாகப் பொருந்துகிறது.

அசலையே வாங்கினால் என்ன? ட்வின் 29 கிலோ, ஏசி 30 சுமார் 32 கிலோ. என் அறை சிப்காட் பக்கம், குழு திருவள்ளூரில். ரயிலில் போனால் பேசின் பிரிட்ஜ் வரை இறங்கி, அங்கே மாறி, மறுபடி மேற்கே ஏற வேண்டும். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி சுமார் 46 கிமீ, திருவள்ளூர் 42 கிமீ. பேசின் பிரிட்ஜ் படிக்கட்டில் 29 கிலோவைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிப்பார்கள். 1.1 கிலோ எடையுள்ள லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற மாடலர் டிபன் பாக்ஸோடு ஒரே பையில் போகிறது.

கரண்ட் செலவில் பெரிய தொகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. ட்வினின் 4 பெரிய வால்வும் 6 சின்ன வால்வும் சூடாகி நிற்க மட்டுமே 6.3 வோல்ட்டில் 5.4 ஆம்பியர், அதாவது 34 வாட் போகிறது, ஒரு ஸ்வரம்கூட எழும் முன். முழு லோடில் 260 வாட். தினம் 2 மணி நேரம், 60 நாள் என்றால் 120 மணி, அதிகபட்சம் 31.2 யூனிட். வீட்டுக்காரர் என்னிடம் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குகிறார், ஆக 250 ரூபாய். ஸ்டாம்ப்பின் அடாப்டர் 9 வோல்ட், 3 ஆம்பியர். 27 வாட்டும் இழுத்தால்கூட 3.24 யூனிட், 26 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 224 ரூபாய் மிச்சம். இதற்காக யாரும் மாடலர் வாங்க வேண்டியதில்லை.

விலைதான் கனம். வெளிவந்தபோது அமெரிக்காவில் அறிவித்த விலையை டாலருக்கு 85 ரூபாய் வைத்துப் பெருக்கி, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தேன். சுங்க வரி தனி. ஒரு கச்சேரிக்கு என் கைக்கு வருவது 1,200 ரூபாய். கடைசி எண் அதில் வகுத்தது.

டோனெக்ஸ் ஒன் (2024), 179.99 டாலர்: 18,053 ரூபாய், 15 கச்சேரி.
எச்எக்ஸ் ஸ்டாம்ப் (2018), 599.99 டாலர்: 60,179 ரூபாய், 50 கச்சேரி.
ஃபெண்டர் டோன் மாஸ்டர் ட்வின் (2019), 999.99 டாலர்: 1,00,299 ரூபாய், 84 கச்சேரி.
ஹீலிக்ஸ் (2015), 1,499.99 டாலர்: 1,50,449 ரூபாய், 125 கச்சேரி.

டோன் மாஸ்டர் ட்வின் 15 கிலோதான், அசலில் பாதி. ஆனால் அது ட்வின் மட்டுமே. என் மூன்றில் ஒன்றுக்கு ஒரு லட்சம்.

125 கச்சேரி கேட்கும் ஹீலிக்ஸ் எனக்கு எட்டாது. மிஞ்சியது முதல் இரண்டு. டோனெக்ஸ் வகை, அசல் ஆம்ப்பின் வழியே ஒலியை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டுக் கற்றுக்கொண்ட 'கேப்ச்சர்'. இதே வழியில் நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. லேப்டாப் இருப்பவர்கள் 0 ரூபாயில் தொடங்கலாம். ஓசை அசலை ஒட்டி நிற்கும், நானே கேட்டு அசந்தேன். ஆனால் படம் பிடித்த நேரத்தில் குமிழ் எங்கே இருந்ததோ அந்த நிலைக்கான ஓசைதான் அது. வால்யூமை 4-இலிருந்து 7-க்குத் திருகினால் அசல் ஆம்ப் குணம் மாறும். இங்கே அந்த மாற்றத்துக்கு இன்னொரு கேப்ச்சர் வேண்டும். ஸ்டாம்ப் வகை சர்க்யூட்டையே கணக்காக வைத்திருக்கிறது. வோல்டேஜ் எவ்வளவு சரிய வேண்டும் என்பதற்குத் தனிக் குமிழே உண்டு. ஆம்ப், ஸ்பீக்கர் பெட்டி, ஸ்ப்ரிங் ரிவர்ப், டிரெமலோ என்று 8 கட்டம் வரை அடுக்கலாம். ஊருக்கு ஊர் ஸ்பீக்கர் செட் மாறும் மேடையில் கையால் திருகுகிற வசதி எனக்கு உயிர். வீட்டில் ஹெட்ஃபோனில் வாசிப்பவராக இருந்தால் தயங்காமல் 15 கச்சேரியோடு நிறுத்தச் சொல்வேன்.

தாமதம் பற்றிப் பயமுறுத்துவார்கள். 2, 3 மில்லி செகண்ட் என்பது ஒலி காற்றில் 1 மீட்டர் நடக்கும் நேரம். ஆம்ப்பிலிருந்து அந்த அளவு தள்ளி நின்றதுபோலத்தான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது: மேடை பாக்ஸுக்கு நேராகக் கொடுத்தால் ஸ்பீக்கர் பெட்டியின் பதிவை ஆன் செய்திருக்க வேண்டும். நொடிக்கு 48,000 சாம்பிளில் 2,048, அதாவது 43 மில்லி செகண்ட் நீளமுள்ள துணுக்கு. அது இல்லாமல் முதல் கச்சேரியில் வாசித்தேன். தகரத்தில் ஆணி கீறிய சத்தம் வந்தது.

ஆடி மாதம் பெரியபாளையம் பக்கம் ஜெனரேட்டரில் ஓடிய ஒரு மேடையில் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 190 வோல்ட். வால்வு ஆம்ப்பாக இருந்தால் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 5.2-தான் போயிருக்கும், ஓசை சோர்ந்திருக்கும். அடாப்டரில் 100 முதல் 240 என்று அச்சிட்டிருந்தது. விளக்குகள் மங்கின. என் ஏசி 30 மட்டும், நான் கேட்ட அளவுக்கே மங்கியது.

ஸ்டாம்ப்பைப் பழையதாக வாங்கினேன், 33,500 ரூபாய். 28 கச்சேரி. நோட்டில் இதுவரை 11 கோடு போட்டிருக்கிறேன், 17 பாக்கி.