முருகேசனுக்குத் தனிக் கட்டுரை வேண்டுமா?

ஒரு பெயரைப் பற்றித் தெரிந்துகொள்ள இன்றைய மாணவர்கள் முதலில் கைப்பேசியைத்தான் எடுக்கிறார்கள். தேடினால் முன்வரிசையில் வந்து நிற்பது பெரும்பாலும் விக்கிப்பீடியா. அதில் இல்லாதது நடக்கவே இல்லை என்று நினைக்கும் காலம் இது. அதனால், சாதி வெறிக்குப் பலியான ஒருவருக்கு அங்கே தனிக் கட்டுரை இருக்கலாமா என்ற விவாதம் நமக்கும் உரியது.

2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம். எழுதியது நிலைக்க வேண்டுமானால், அந்த நபரைச் சாராத, நம்பத்தகுந்த வெளியீடுகள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். இதைக் 'குறிப்பிடத்தக்கமை' என்கிறார்கள். குற்றத்துக்குப் பலியானவர்களுக்கு ஆங்கில விக்கிப்பீடியா கூடுதலாக ஒரு வரையறை வைத்திருக்கிறது. ஒரு சம்பவத்தால் மட்டுமே அறியப்பட்டவரைப் பற்றி அந்தச் சம்பவக் கட்டுரையிலேயே எழுதினால் போதும். வரலாற்று நிகழ்வு ஒன்றில் அவருக்குப் பெரும் பங்கு இருந்து, அதுபற்றித் தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால் மட்டுமே தனிக் கட்டுரை. கலைக்களஞ்சியம் நினைவஞ்சலி செலுத்தும் இடமல்ல என்பதும் அவர்கள் விதி.

இந்த விதிகளில் நியாயம் இருக்கிறது. இறந்தவரின் குடும்பத்துக்கும் அந்தரங்கம் உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவதைச் சட்டமே தடை செய்கிறது. அத்தகைய வழக்குகளில் ஊரின் பெயரால் நிகழ்வை எழுதுவதே சரி.

மேலவளவு முருகேசனை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். 1996 உள்ளாட்சித் தேர்தலில் மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. மிரட்டல்களால் தேர்தலே தடைபட்டது. அதையும் மீறிப் போட்டியிட்டு வென்றார் முருகேசன். 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து பேருந்தில் திரும்பியபோது அவரும் உடன் வந்தவர்களுமாக ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். 2001இல் சேலம் நீதிமன்றம் 17 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019இல் 13 பேர் முன்கூட்டியே விடுவிக்கப்பட்டபோது மீண்டும் விவாதம் எழுந்தது.

தலைவர் பதவியில் அவர் அமர்ந்ததுதான் கொலைக்குக் காரணம். மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரை அந்தப் பதவிக்காகவே கொன்றார்கள். அதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளில் 2006 வரை முறையான தேர்தல் நடத்த முடியாமல் இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அவருடைய வாழ்க்கை உள்ளாட்சி ஜனநாயக வரலாற்றின் ஒரு பகுதி என்பது விளங்கும். நிகழ்வுக் கட்டுரைக்குள் ஒரு வரியாக அவரை அடக்கிவிட முடியாது. தனிக் கட்டுரைக்கு அவர் தகுதியானவர். இதைச் சொல்ல விதியைத் தளர்த்தும்படி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை; விதிப்படியே சொல்லலாம்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. 'நம்பத்தகுந்த வெளியீடு' யாரைப் பற்றி எழுதியது? 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டு, 1973இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட மிராசுதார் கோபாலகிருஷ்ண நாயுடுவின் பெயர் பலருக்குத் தெரியும். இறந்த 44 பேரில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? உயிரோடு இருந்தபோது எழுதப்படாதவர்கள், இறந்த பிறகும் எண்ணிக்கையாகவே அச்சேறினார்கள். அச்சில் இல்லாததைக் கலைக்களஞ்சியம் ஏற்காது. ஆக, சேரியின் பெயர்களை விட்டுவிட்ட பழைய நாளிதழ்களின் பழக்கம், இன்றைய விதியின் வழியாக இன்னொரு முறை வேலை செய்கிறது.

கட்டுரையை நீக்கலாமா என்ற உரையாடல் நடக்கும்போது ஆட்களைத் திரட்டிக் கோபத்தைக் கொட்டுவதால் பயனில்லை. அங்கே தலை எண்ணிக்கை செல்லாது, சான்றுதான் செல்லும். இயக்கத் துண்டறிக்கை சான்றாகாது. தீர்ப்பு நகல் தகவலைச் சரிபார்க்க உதவும், ஆனால் அது மட்டும் போதாது. தேதியும் பக்கமும் குறித்த நாளிதழ்ச் செய்தி, பதிப்பகம் வெளியிட்ட நூல், ஆய்விதழ்க் கட்டுரை ஆகியவை வேண்டும். மாவட்ட நூலகங்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் பழைய நாளிதழ்களைப் புரட்டி இவற்றைத் திரட்டுவதை முதுகலை மாணவர்கள் தங்கள் ஆய்வுப் பணியாகவே செய்யலாம்.

தனிக் கட்டுரைக்குச் சான்று போதாவிட்டால் நிகழ்வுக் கட்டுரையைச் செம்மைப்படுத்தலாம். குடும்பத்துக்கும் சட்டத்துக்கும் உடன்பாடு என்றால், இறந்தவர்களின் பெயர்களை அதில் சேர்க்க வேண்டும். கொலைக்குக் காரணம் சாதி என்று தீர்ப்போ நூலோ சொல்லியிருந்தால், அதை 'முன்விரோதம்' என்று மாற்றுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வன்கொடுமையை 'இரு தரப்பு மோதல்' என்று நான்கு வரியில் முடிக்காதீர்கள். இறந்தவர் பெயர் என்ன, என்ன வேலை செய்தார், என்ன கேட்டதற்காகக் கொல்லப்பட்டார் என்று எழுதுங்கள். மாவட்டப் பக்கத்தில் இன்று வரும் அந்தச் சிறு செய்தியைத்தான் இருபது ஆண்டுகள் கழித்து ஒருவர் சான்றாகத் தேடுவார்.